மும்பை கால்பந்து: ரசிகர்கள் உண்டு, மைதானம் இல்லை!

புது தில்லி: 2011 கணக்கெடுப்பின்படி 1.24 கோடி மக்கள் வசிக்கும் மும்பை மாநகரின் எல்லைக்குள், கால்பந்துக்கென்று பெரிய மைதானம் ஒன்றுகூட இல்லை. நவீன வசதிகள் கொண்ட பெரிய மைதானம் கடற்கழிக்கு அப்பால், நவி மும்பையின் நெரூலில் உள்ளது.

2008-ல் திறக்கப்பட்ட டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் சுமார் 55 ஆயிரம் பேர் அமரலாம். 2017-ல் 17 வயதுக்குள்பட்டோர் உலகக் கோப்பையின் அரையிறுதியும், 2022-ல் மகளிர் ஆசியக் கோப்பையின் இறுதி ஆட்டமும் இங்கு நடைபெற்றன. எனினும் இது தனியாருக்குச் சொந்தமானது. அடிப்படையில் கிரிக்கெட் மைதானம். 2025 நவம்பரில் இந்திய மகளிர் கிரிக்கெட் அணி உலகக் கோப்பையை வென்றதும் இங்குதான்.

முன்பு மும்பை கால்பந்தை வளர்த்தவை ஆலைகளும் நிறுவனங்களுமே. டாடா, மஃபத்லால், ஓர்க்கே மில்ஸ் அணிகள் தென் மும்பையின் கூப்பரேஜ் மைதானத்தில் மோதின. 2005-06-ல் தேசிய லீக் பட்டம் வென்ற மஹிந்திரா யுனைடெட் அணி 2010-ல் கலைக்கப்பட்டது.

அந்தேரியில் மாநகராட்சி வளாகத்தில் உள்ள கால்பந்து அரங்கம் சில ஆயிரம் பேருக்கே இடமளிக்கும். 2018 ஜூனில் சீன தைபே அணிக்கு எதிரான இந்தியாவின் ஆட்டத்தைச் சுமார் 2,500 பேரே கண்டனர். மைதானத்துக்கு வருமாறு கேப்டன் சுனில் சேத்ரி வேண்டுகோள் விடுத்ததும், கென்யாவுடனான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன.

2023-ல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் போட்டியில் விளையாடிய மும்பை சிட்டி அணி, சவூதியின் அல் ஹிலாலை நெரூலில் எதிர்கொண்டது. சொந்த மண்ணில் ஆட வேண்டிய மற்ற ஆட்டங்களுக்குப் புணே செல்ல நேர்ந்தது.

பொறுப்பு யாருக்கு?

அரசமைப்புச் சட்டத்தில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், விளையாட்டு அமைப்புகளின் நிர்வாகத்தையே முறைப்படுத்துகிறது. எனவே திடல்களை உருவாக்கும் முதன்மைப் பொறுப்பு மாநில அரசையும் மாநகராட்சியையுமே சாரும்.

செம்பூரில் வசிக்கும் தமிழர்கள் ஹார்பர் பாதை மின்சார ரயிலில் நேராக நெரூல் சென்று ஆட்டம் பார்க்கலாம். மாட்டுங்காவில் இருப்போர் குர்லாவில் ரயில் மாற வேண்டும். ஆனால், தாராவிச் சிறுவர்களுக்கு முதல் தேவை ஆட்டம் பார்க்கும் இருக்கை அல்ல. பந்து உதைக்க ஒரு திடல். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் அதற்கான வாய்ப்பாகும். அடுக்குமாடிகள் எழும்பிய பின் திடலுக்கு இடம் தேட முடியாது. வரைபடத்திலேயே அதை ஒதுக்கியாக வேண்டும்.