தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"ஐயா, உடம்பு நல்லாயிருச்சு, மாத்திரைய விட்டுட்டேன்" என்றார் பால்வெட்டும் அம்மா ஒருவர். இரண்டு மாதத்தில் முகம் வீங்கி, பெரட்டுக்கு எழ முடியாமல் திரும்பி வந்தார். சோம்பேறி என்று வீட்டில் ஏச்சு வேறு.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தால், அந்தக் குறையை நிரப்புவதே லெவோதைராக்சின் மாத்திரை. நிறுத்தினால் குறை திரும்பிவிடும்.

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். தேத்தண்ணி, கோப்பி, பசியாறல் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் இரத்தப் பரிசோதனை வேண்டும். கர்ப்பமானால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

உடம்பு நன்றாக இருக்கிறதா? மாத்திரை வேலை செய்கிறது. விட்டுவிடாதீர்கள்.