ரீலுக்கு 2 லட்சம் வியூஸ், ஆனா கஸ்டமர் எத்தனை பேர்?



மாசச் சம்பளத்தோட கூடவே ஒரு சின்ன தொழில் இருந்தா நல்லா இருக்கும்னு நம்மில் பல பேருக்கு ஆசை. ஏசி சர்வீஸ், பைக் வாஷ், மெஹந்தி, டியூஷன்னு ஏதாவது ஒண்ணை ஆரம்பிச்சதும் முதல்ல செய்யுறது என்ன? இன்ஸ்டாகிராம்ல ஒரு பேஜ். அடுத்தது பூஸ்ட். அங்கேதான் நம்ம சம்பளப் பணம் கரைய ஆரம்பிக்குது.

என் ஃப்ரெண்ட் ஒருத்தர் ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனில வேலை பார்க்கிறார். அவரோட மச்சான் ஏசி மெக்கானிக். ரெண்டு பேரும் சேர்ந்து மேடவாக்கத்துல ஏசி சர்வீஸ் ஆரம்பிச்சாங்க. அழுக்குப் பிடிச்ச ஏசியை வாட்டர் வாஷ் பண்ற ரீல் ஒண்ணு போட்டு, கிரெடிட் கார்டுல ₹9,000 தேய்ச்சு பூஸ்ட் பண்ணினார். 2 லட்சம் வியூஸ்! மதுரையில இருந்து ரேட் கேட்டாங்க, துபாய்ல இருந்து "சூப்பர் ப்ரோ"ன்னு கமெண்ட் வந்துச்சு. ஆனா வீட்டுக்கு வந்து ஏசியைப் பாருங்கன்னு கூப்பிட்டவங்க 12 பேர்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

விளம்பரச் செலவு ₹9,000. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி ₹1,620. மொத்தம் ₹10,620. இதை 12 பேரால வகுத்தா, ஒரு கஸ்டமரைப் பிடிக்க ஆன செலவு ₹885.

ஒரு சர்வீஸுக்கு அவர் வாங்கினது ₹600. மச்சானோட கூலி, பெட்ரோல் எல்லாம் ₹350 போக, கையில நிக்கிறது ₹250. அப்போ ஒவ்வொரு புது கஸ்டமர்லயும் ₹635 நஷ்டம்!

"சரி, அவங்க திரும்ப வருவாங்கல்ல?"ன்னு நீங்க கேட்கலாம். சரியான கேள்வி. வருஷத்துக்கு 3 தடவை கூப்பிட்டா ₹750 கிடைக்கும். அப்பவும் ₹135 குறையுது. நாலாவது தடவை கூப்பிடும்போதுதான் போட்ட காசு வந்து, லாபமே ஆரம்பிக்குது. ஆனா நம்ம ஃப்ரெண்ட் அந்த 12 பேரோட நம்பரைக்கூட சேவ் பண்ணி வைக்கலை. கார்டு பில் மட்டும் கரெக்டா வந்துச்சு.

ஏரியாக்குள்ள செய்யுற சர்வீஸ் தொழிலுக்கு சோஷியல் மீடியா ஊரையே கூட்டி வரணும்னு அவசியம் இல்லை. பக்கத்துத் தெருக்காரர் நம்மளை நம்பணும், ஒருமுறை வந்தவர் திரும்ப வரணும். இந்த ரெண்டுக்கும் பெருசா காசு தேவையில்லை. கீழே சொல்ற வரிசையில போங்க.

1. முதல்ல கூகுள் மேப்

ஏசி ஓடலைன்னா யாரும் ரீல்ஸ் பார்த்துட்டு இருக்க மாட்டாங்க. "பக்கத்துல ஏசி சர்வீஸ்"னு கூகுள்லதான் தேடுவாங்க. அதனால கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் ஒண்ணு ஆரம்பிங்க, இலவசம்தான். வீட்டுல இருந்து தொழில் பண்றீங்கன்னா முகவரியை மறைச்சுட்டு, எந்தெந்த ஏரியாவுக்குப் போவீங்கன்னு மட்டும் காட்டலாம்.

வேலை முடிஞ்ச கையோட, கஸ்டமர் முகத்துல சந்தோஷம் இருக்கும்போதே ரிவ்யூ கேளுங்க. லிங்க்கை வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. ரிவ்யூ போட்டா தள்ளுபடின்னு மட்டும் சொல்லாதீங்க, அது கூகுள் விதிக்கு எதிரானது.

2. அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ்

இதுவும் இலவச ஆப்தான். கேட்டலாக்ல ஒவ்வொரு சர்வீஸோட ரேட்டையும் போட்டு வைங்க. ஆபீஸ் மீட்டிங்ல இருக்கும்போது யாராவது கேட்டா, "மாலை 7 மணிக்கு மேல கூப்பிடுறேன்"னு தானா பதில் போற மாதிரி செட் பண்ணலாம். ஒவ்வொரு கஸ்டமரையும் சர்வீஸ் பண்ணின மாசத்தோட பேர்ல லேபிள் போடுங்க. நாலு மாசம் கழிச்சு, "சார், ஏசி சர்வீஸ் பண்ற நேரம் வந்துடுச்சு"ன்னு ஒரு மெசேஜ். இந்த ஒரு மெசேஜ் அந்த ₹9,000 பூஸ்ட்டை விட லாபமானது.

ஒரு விஷயம், உங்க நம்பரை அவங்க சேவ் பண்ணியிருந்தாதான் பிராட்காஸ்ட் லிஸ்ட்ல அனுப்புறது போய்ச் சேரும். கிளம்பும்போதே சேவ் பண்ணச் சொல்லிடுங்க.

3. இன்ஸ்டாகிராம் எதுக்கு?

நம்பிக்கைக்கு. மெக்கானிக்கை வீட்டுக்குள்ள விடுறதுக்கு முன்னாடி ஆள் யாருன்னு பார்ப்பாங்க. வேலைக்கு முன்னாடி, பின்னாடி எடுத்த படம், மச்சானோட முகம், தெளிவான ரேட், ஏரியா பேர் இவ்வளவு போதும். வாரத்துக்கு ஒரு போஸ்ட் போட்டாலே தாராளம். கஸ்டமர் வீட்டுக்குள்ள படம் எடுக்கிறதா இருந்தா அனுமதி கேட்டுட்டு எடுங்க.

4. கடைசியாதான் விளம்பரம்

மேல சொன்ன மூணும் ஓடின பிறகு விளம்பரத்துக்கு வாங்க. தமிழ்நாடு முழுக்க வேண்டாம், உங்க ஏரியாவைச் சுத்தி சில கிலோமீட்டர் மட்டும் தேர்வு பண்ணுங்க. மொதல்ல ₹500 போட்டுப் பாருங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் "எங்களை எப்படித் தெரியும்?"னு கேட்டு நோட்டுல எழுதுங்க. ஒரு கஸ்டமருக்கு ஆகுற செலவு, ஒரு சர்வீஸ்ல நிக்கிற லாபத்தைத் தாண்டினா நிறுத்திடுங்க.

முக்கியமா, விளம்பரக் காசு தொழில்ல வந்த லாபத்துல இருந்துதான் போகணும். சம்பளத்துல இருந்தோ கார்டுல இருந்தோ வேண்டாம். இதுக்குன்னே தனியா ஒரு பேங்க் அக்கவுண்ட் வச்சுக்கோங்க.

ஆரம்பிக்கும் முன் ரெண்டு செக்

ஒண்ணு, உங்க ஆபீஸ் ஒப்பந்தம். வேற தொழில் பண்ணக் கூடாதுன்னு அதுல இருக்கலாம், படிச்சுப் பாருங்க. ரெண்டு, வரி. சர்வீஸ் தொழில்ல வருஷ வரவு ₹20 லட்சத்தைத் தாண்டாத வரை பொதுவா ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனா உங்க பங்குக்கு வர்ற லாபத்தை வருமான வரிக் கணக்குல காட்டணும். தொழில் வருமானம் இருந்தா ஐடிஆர்-1 செல்லாது, வேற ஃபார்ம். ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

நம்ம ஃப்ரெண்ட் இப்போ பூஸ்ட்டை நிறுத்திட்டு, கார்டு பாக்கியைக் கட்டிட்டு, பழைய கால் ஹிஸ்டரியைத் துழாவி அந்த 12 பேர்ல 5 பேரைக் கண்டுபிடிச்சுப் பேசினார். 3 பேர் திரும்பக் கூப்பிட்டாங்க. அதுல ஒருத்தர் தன்னோட அபார்ட்மென்ட் குரூப்ல நம்பரைப் போட்டுவிட்டார். அந்தக் குரூப்ல இருந்து அந்த மாசமே 7 சர்வீஸ். செலவு? ஒத்தப் பைசா இல்லை.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. உங்க போன்ல எத்தனை பழைய கஸ்டமர் நம்பர் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. தொழில் அங்கதான் இருக்கு.