இறைவனை ‘நீ’ என்று அழைக்கும் தமிழ்

செராசில் பயிலும் நம் மாணவர் ஆசிரியரை ‘நீங்கள்’ என்கின்றனர். தைப்பூச நாளில் பத்துமலை முருகனையோ ‘நீ’ என்கின்றனர். இது மரியாதைக் குறைவாகுமா என்னும் ஐயம் இயல்பானதே. வரலாற்றை நோக்கின் ஐயம் நீங்கும்.

சங்கப் புலவர் வேந்தரையும் ‘நீ’ என்றே விளித்தனர். ஒருவரைப் பன்மையால் உயர்த்தும் வழக்கு பின்னர் வலுப்பெற்றது. மூத்தோர்க்கு ‘நீங்கள்’ உரியதாயிற்று. தாய்க்கும் தோழர்க்கும் இறைவனுக்கும் ‘நீ’ நிலைத்தது. ஆகவே, பழமையின் எச்சமாகிய அச்சொல் இன்று நெருக்கத்தின் அடையாளமாக ஒலிக்கின்றது. மலாய் மொழியிலும், பெரியோரிடம் கூறத்தகாத ‘எங்காவ்’ என்னும் சொல்லே இறைவேண்டலில் வழங்குகின்றது.

தமிழில் பக்தி, காதலின் மொழியையே தனதாக்கிக் கொண்டது. மாணிக்கவாசகர் திருக்கோவையாரின் 400 பாடல்களையும் அகத்துறையில் அமைத்தார். நம்மாழ்வார் தம்மைத் தலைவியாக்கிக் கொண்டு திருமாலை நினைந்து உருகினார். ‘காதல்’ என்பதைத் திரைப்படச் சொல்லாக மட்டும் அறியும் மாணவர்க்கு இந்நூல்களின் வாயில் திறவாது.

எனவே, மாணவர் எழுதும் வேண்டுதலில் ‘நீ’ வருமாயின் அதனைத் திருத்தாது, அதன் வரலாற்றை உணர்த்துவோம். அவ்வொரு சொல்லிலிருந்தே பக்தி இலக்கியப் பாடத்தைத் தொடங்கலாம்.