உப்புத் தண்ணி, நல்ல தண்ணி: மெஷின் வாங்கும் முன்னே ஒரு சோதனை



போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் 15,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டார். "கோயமுத்தூர்ல கட்டிக் கொடுத்த புள்ளைக்குத் தண்ணி மெஷின் வாங்கணுங்க. அங்க வர்ற தண்ணி விஷமாம். பேரனுக்கு ரெண்டு மாசத்துல மூணு தடவை வயித்தால போயிருச்சு" என்றார். குழுவில் கடன் கொடுக்க இருந்ததோ இருபதாயிரத்துச் சொச்சம். ஆடு வாங்க ஒருவர், பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட ஒருவர் என்று ஏற்கெனவே காத்திருந்தார்கள். அதனால் உடனே தீர்மானம் எழுதாமல், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான்கு பேர் பஸ் ஏறினோம்.

கோவையில் பல வீடுகளில் இருப்பதுபோல அந்த வீட்டிலும் தண்ணி இரண்டு வகை. ஒன்று மாநகராட்சி விடும் சிறுவாணித் தண்ணி. சில நாளுக்கு ஒரு முறைதான் வரும். பிடித்து வைத்துக் குடிக்க, சமைக்க வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பேர் நல்ல தண்ணி. இன்னொன்று போர் தண்ணி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. அதற்குப் பேர் உப்புத் தண்ணி.

ஒரே ஊரில் இரண்டு ருசி எப்படி? சிறுவாணி, மலைக்காட்டில் பெய்த மழை அணையில் தேங்கி வருவது. அது பாறைக்குள் அதிக நாள் கிடப்பதில்லை. போர் தண்ணியோ வருடக்கணக்கில் பாறை இடுக்கில் கிடந்து, அங்கே இருக்கும் கால்சியம், மக்னீசியம் என்ற சத்துகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்கல் கிடைத்ததால்தானே அங்கே சிமெண்ட் ஆலையே வந்தது! இப்படிக் கரைந்த தண்ணியைத்தான் கடின நீர் என்கிறோம்.

கடின நீர் என்ன செய்யும் என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து பக்கெட்டில் ஒட்டும். பருப்பு வேகாமல் கேஸைத் தின்னும். ஹீட்டர் கம்பியில் காரை பிடித்துக் கரண்ட் பில் ஏறும். தலைமுடி சிக்கு விழும். எல்லாம் உண்மை, எல்லாம் காசு. ஆனால் அது விஷமா? இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு தண்ணிக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்துக்காக என்று இதற்கு அளவே வைக்கவில்லை. கடினத் தண்ணியால்தான் சிறுநீரகக் கல் வருகிறது என்ற பேச்சும் நிரூபணமாகவில்லை. தண்ணி குறைவாகக் குடிப்பது அதைவிடப் பெரிய காரணம். (கல் ஏற்கெனவே இருப்பவர்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.)

நாங்கள் போன அன்றைக்கே மெஷின்காரத் தம்பியும் வந்தார். இரண்டு டம்ளர். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணி, இன்னொன்றில் மெஷின் தண்ணி. கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டியை இரண்டிலும் முக்கி, கரண்ட் கொடுத்தார். ஒரு நிமிடத்தில் வீட்டுத் தண்ணி சாக்கடை மாதிரி பழுப்பும் பச்சையுமாகக் கலங்கியது. மெஷின் தண்ணி அப்படியே இருந்தது. "பார்த்தீங்களாம்மா, இதைத்தான் உங்க பேரன் குடிக்கிறான்" என்றார். எங்களுக்கும் வயிறு கலங்கித்தான் போனது, பொய் சொல்லக்கூடாது.

பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மெஷின் தண்ணி டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, "இப்ப வைங்கண்ணா" என்றாள். அதுவும் அதே மாதிரி கலங்கிவிட்டது! பிறகு அவளே விளக்கினாள். அந்தக் கம்பிகளில் இரும்பு இருக்கிறது. தண்ணியில் உப்பு இருந்தால் கரண்ட் பாயும், கம்பி கரைந்து துருவாக இறங்கும். நாம் பார்த்த அழுக்கு தண்ணியில் இருந்து வந்ததல்ல, கம்பியில் இருந்து வந்தது. மெஷின் தண்ணியில் உப்பே இல்லாததால் கரண்ட் பாயவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தோம். அந்தத் தம்பி பிடித்தது உப்புத் தண்ணிக் குழாயில். அதை அந்த வீட்டில் யாருமே குடிப்பதில்லை! (இந்தச் சோதனை நடக்கும்போது டம்ளரில் விரல் வைக்காதீர்கள், ஷாக் அடிக்கும்.)

சரி, பிள்ளைக்கு ஏன் வயிற்றுப்போக்கு? டி.டி.எஸ். மீட்டர் என்று பேனா மாதிரி ஒன்றைக் காட்டுவார்கள். அது கரைந்த உப்பு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். கிருமி அதற்குத் தெரியாது. சிறுவாணித் தண்ணிக்கு மீட்டரில் குறைந்த எண்தான் வரும், அதில் மலக்கிருமி கலந்திருந்தாலும் அதே எண்தான் வரும். எங்கள் ஊரில் ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணிப் பரிசோதனைப் பயிற்சி எடுத்த சகோதரியிடம் கிருமி பார்க்கும் குப்பிகள் இரண்டு வாங்கிப் போயிருந்தோம். நல்லவேளையாக அன்றைக்குத் தண்ணி விடும் நாள். ஒரு குப்பியில் நல்ல தண்ணிக் குழாயில் நேராகப் பிடித்தோம். இன்னொன்றில் டிரம்மில் இருந்த பழைய தண்ணி. மூடி வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம். மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. குழாய்த் தண்ணி நிறம் மாறவில்லை. டிரம் தண்ணி கன்னங்கரேல் என்று கறுத்துவிட்டது.

நாள் கணக்கில் சேமித்த தண்ணி, பாதி மூடிய டிரம், அதில் ஆளாளுக்கு டம்ளரை விட்டு மோந்து குடிக்கும் பழக்கம். நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? அந்தப் பெண் இப்போது டிரம்மைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துத்தான் அடுத்த தண்ணி பிடிக்கிறாள். குடிக்கிற தண்ணியைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து, ஆறவைத்துக் குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றி மூடிவிடுகிறாள். பிடித்து வைத்த தண்ணியை மூடாவிட்டால் டெங்கு கொசுவும் அதில்தான் முட்டையிடும்.

குழுவில் 15,000 என்று கேட்ட கடன், குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் வாங்க 1,500 என்று தீர்மான நோட்டில் ஏறியது. ஆடு வாங்கக் காத்திருந்தவருக்கும் அன்றே பணம் கிடைத்தது.

மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில ஊர்களில் குடிக்கவும் போர் தண்ணிதான். கரைந்த உப்பு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால், அல்லது ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டினால் கொதிக்க வைப்பது உதவாது. தண்ணி சுண்டச் சுண்ட ஃபுளோரைடு இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். ஃபுளோரைடுக்கு நிறமோ ருசியோ கிடையாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல் கறை பிடித்து, எலும்பு வளைந்து அவதிப்பட்ட ஊர்களுக்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஆர்.ஓ. மெஷின் தேவைதான். ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணி எடுக்கச் சுமார் மூன்று லிட்டரைக் கழித்து வெளியே விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கழிவை வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்றலாம்.

வெறும் கடினத் தண்ணிதான் பிரச்சினை என்றால் கைவைத்தியமே போதும். துவைக்கிற தண்ணியில் கொஞ்சம் வாஷிங் சோடா போட்டுக் கரைத்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள். காரை பிடித்த பாத்திரத்தில் புளித்தண்ணி ஊற்றிக் கொதிக்க விடுங்கள். பருப்பு வேக நல்ல தண்ணியை ஒதுக்குங்கள்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தாங்கள் குடிக்கும் தண்ணியில் ஒரு லிட்டர் கொண்டு வாருங்கள். பாட்டிலை அதே தண்ணியால் மூன்று முறை அலசிவிட்டு, வாய் வரை நிரப்பி மூடி, ஊர் பெயர், குழாயா போரா, பிடித்த தேதி எழுதி ஒட்டுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் சேர்த்து உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு பார்த்து வாங்கி வருகிறோம். கிருமிச் சோதனைக்கு இந்த பாட்டில் ஆகாது. அதற்குச் சுத்தம் செய்த தனிக் குப்பி வேண்டும், உங்கள் ஊரில் பயிற்சி எடுத்த சகோதரியிடம் கேளுங்கள்.