அலமாரியைத் திறக்கச் சொல்வார்கள்

கூலிமிலிருந்து சமூக நல இலாகா அதிகாரி பாடாங் செராயில் நான் நடத்தும் தாஸ்காவுக்கு, அதாவது குழந்தைப் பராமரிப்பு மையத்துக்கு வந்தால், முதலில் கேட்பது வருகைப் பதிவேடு. அப்புறம் தலைகளை எண்ணுவார். ஒரு வயதுக்குள் இருக்கும் 3 குழந்தைகளுக்கு ஒரு ஆயா, 1 முதல் 3 வயதுவரை 5 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 10 பேருக்கு ஒருவர். பல வீடுகளைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரைக் காசுக்குப் பார்த்தாலே 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம்.

பிறகு மருந்து அலமாரி, அடுப்படி, தீயணைப்புக் கருவியின் தேதி.

"அக்கா, கிரில் சாவி எங்கே?"

கதவோரம் ஆணியைக் காட்டினேன். அவர் விடவில்லை. குள்ளமான ஆயாவைக் கூப்பிட்டு, "நீங்க எடுத்துத் திறங்க" என்றார். கையில் குழந்தையோடு!

அம்மா வேலை பார்த்த தோட்டத்து ஆயாக் கொட்டகையில் இந்தக் கெடுபிடியெல்லாம் கிடையாது. வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். எப்போதாவது கிராணி எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

பிள்ளைகள் தங்கி வளரும் இல்லங்களுக்குச் சட்டம் வேறு, 1993ஆம் ஆண்டுடையது. 2024 செப்டம்பர் 11ஆம் தேதி சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் போலீஸ் புகுந்து 402 பிள்ளைகளை மீட்டது. பதிவேடும் சாவியும் பார்ப்பது சரி, ஆனால் பிள்ளைகள் படும் கொடுமையை அவை காட்டாது. பேசத் தெரிந்த பிள்ளையிடம், நடத்துபவர் பக்கத்தில் இல்லாமல், அதிகாரி உட்கார்ந்து பேச வேண்டும் என்பேன். அக்கம்பக்கத்தார் சந்தேகப்பட்டால் 15999 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம். இரவிலும் எடுப்பார்கள்.