இரண்டு கணனிக்கும் ஒரே இணைப்பு போதும்

மூத்த மகளுக்கு ஏ.எல். படிப்பு, தம்பிக்கு கணனி வகுப்பு. வீட்டில் இரண்டு கணனி வந்துவிட்டது. “ரெண்டுக்கும் வேற வேற இணைப்பு எடுக்கணுமா, மாசம் ரெண்டு பில் கட்டணுமா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. வேண்டியதில்லை. ஒரே இணைப்பை ரவுட்டர் என்னும் சிறிய பெட்டி இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும்.

அது எப்படி? தோட்டத்துக் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். எல்லாம் தோட்டத்தின் ஒரே விலாசத்துக்குத்தான் வரும். தப்பால்காரர் பெயரைப் பார்த்து லயத்துக்கு லயம் கொடுப்பார். ரவுட்டரும் அப்படித்தான். கம்பனி வீட்டுக்கு ஒரு விலாசம் தருகின்றது. ரவுட்டர் உள்ளே ஒவ்வொரு கணனிக்கும் 192.168.1.2, 192.168.1.3 என்பது போல தனி இலக்கம் போடுகின்றது. யார் என்ன கேட்டார் என்பதைக் குறித்து வைத்து, வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கின்றது. அக்காவின் பாடம் தம்பியின் கணனிக்குப் போகாது.

எமது கண்டி மாவட்டத்துக்கு அருகிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1998இல் யுனெஸ்கோ உதவியுடன் கொத்மலை சமூக வானொலி இணைய இணைப்பைப் பெற்றது. நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, உள்ளூர் மொழியில் ஒலிபரப்பினார்கள். கணனியே இல்லாத வீடுகளுக்கும் பயன் கிடைத்தது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஒரே போனை வைத்துக்கொண்டு அண்ணன் படிக்கும்வரை தங்கச்சி காத்திருந்த வீடுகள் எத்தனை! அந்த நிலை இனி வேண்டாம்.

சில விடயங்களைக் கவனிக்க வேண்டும்:

1. இணைப்பைப் பங்கு போட்டால் வேகமும் டேட்டாவும் பங்காகும். காணொளி வகுப்புக்கு ஒரு மணித்தியாலத்தில் 1 ஜீபி வரை போகலாம். ஒருவருக்கு வகுப்பு நடக்கும்போது மற்றவர் படம் பார்க்க வேண்டாம்.

2. சிம் போடும் ரவுட்டர் என்றால் ஜன்னல் ஓரம் வையுங்கள். தகரக் கூரையும் மலையும் சிக்னலை மறைக்கும். வாங்குமுன் எந்தக் கம்பனி சிக்னல் உங்கள் லயத்தில் நன்றாக எடுக்கின்றது என்று போனில் பாருங்கள்.

3. பெட்டியோடு வரும் பாஸ்வேர்ட்டை உடனே மாற்றுங்கள். கண்டவருக்கும் கொடுத்தால் டேட்டா பாதி மாதத்தில் முடியும். யாராவது தவறாகப் பயன்படுத்தினாலும், இணைப்பு யார் பெயரிலோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

4. மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் அதிகம். இடி கேட்கும் முன்பே பிளக்கையும் லைன் வயரையும் கழற்றி விடுங்கள்.

இரண்டாவது இணைப்புக்குக் கட்டும் காசு பிள்ளையின் புத்தகத்துக்கு ஆகும். பெற்றோரே, யோசித்துச் செய்யுங்கள்.