பத்து நாள் கணக்கு

பெங்களூரு மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டுப் பூனை கடித்துவிட்டது. ஊசி போட்டாயிற்று. பூனையைப் பத்து நாள் கவனிக்கச் சொல்கிறார் டாக்டர். அதன் ரத்தத்தைச் சோதித்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா?"

தெரியாது. ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் சுற்றித் திரிவதில்லை. அதன் வழி நரம்பு.

கடிவாயில் இறங்கிய வைரஸ் நரம்பு நுனிக்குள் நுழைகிறது. உள்ளே நுண்குழாய்ப் பாதைகள். அவற்றின் மீது டைனீன் என்ற மோட்டார் புரதம் நுனியிலிருந்து நரம்பணுவின் உடலை நோக்கிச் சரக்கு இழுக்கும். மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்கு மட்டும் போகும் பிஎம்டிசி பஸ் என்று வையுங்கள். நரம்பு வளர்ச்சிக் காரணி அதில் அன்றாடப் பயணி; பி75 என்ற ஏற்பிதான் அதன் பாஸ். வைரஸ் தன் மேலுறைப் புரதத்தால் அதே பாஸைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த ஓசிப் பயணி முறையான பயணியைவிட வேகமாகப் போனது தெரிந்தது. டிரைவரையே கைக்குள் போட்டுக்கொண்டதோ என்னவோ! சில்க் போர்டு சிக்னலில் மாட்டாத பஸ் என்றால் பெங்களூருக்காரர்கள் நம்பமாட்டார்கள். உவமையை இங்கேயே இறக்கிவிடுகிறேன்.

மூளையில் பெருகிய பிறகுதான் வைரஸ் மீண்டும் நரம்பு வழியே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வருகிறது. ஆக, கடித்த அன்று பூனையின் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால், அதன் மூளை முன்பே பறிபோயிருக்கும். சில நாட்களில் நோய் வெளிப்பட்டுப் பூனை செத்துவிடும். பத்தாம் நாளும் பாலுக்குக் கத்தினால், அன்றைய கடியில் ரேபிஸ் இல்லை. நாய்க்கும் இதே கணக்குதான். குரங்குக்கும் வௌவாலுக்கும் செல்லாது.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1885இல் பாஸ்டரின் தடுப்பூசி, 1903இல் மூளையணுக்களில் நெக்ரி என்ற ஆய்வாளர் கண்ட ரேபிஸ் அடையாளப் புள்ளிகள், 1907இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம். போதும்.

செல்லப்பிராணிகளின் வைரஸ்களையெல்லாம் மரபணு வரிசையாகப் படித்து அடுத்த பெருந்தொற்றை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்று இப்போது ஒரு பேச்சு. படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் நன்றாகத் தெரிந்த இந்த ஒரு வைரஸே உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேரைக் கொல்வதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அநேகமாக எல்லாமே நாய்க்கடியால். நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் தொற்றுச் சங்கிலி அறுந்துவிடும் என்பதும் பழைய செய்தி. அதற்கு வரிசைப்படுத்தும் இயந்திரம் வேண்டாம், நாய் பிடிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். இந்த வேலைக்கு யாரும் பத்திரிகையாளர் கூட்டம் போடுவதில்லை.

வாசகிக்கு இன்னும் இரண்டு விஷயம். பத்து நாள் காவல் பூனைக்குத்தான், ஊசிக்கு அல்ல; கடித்த உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசியைத் தொடங்க வேண்டும். இடையில் பூனை இறந்தால் புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியின் ரேபிஸ் ஆய்வகத்தில் மூளைத் திசுவைச் சோதிப்பார்கள். உறுதியான விடை அங்கேதான் இருக்கிறது.